இருநூறு குதிரைகள் போதாதா?

(இரண்டாமாண்டு, ஆட்டோமொபைல் பிரிவு)



முதலிலேயே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கட்டுரையில் வரும் காரை நான் நேரில் பார்த்ததே இல்லை. தொட்டதும் இல்லை. நம் நாட்டு ஷோரூம்களில் அதை நிறுத்தி வைத்து விற்கவும் இல்லை. அப்புறம் எதற்கடா எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். அதே கேள்வியைத்தான் நம் ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு சீனியர் அண்ணனும் கேட்டார். அதனால்தான் எழுதுகிறேன்!

காரின் பெயர் டொயோட்டா 86. இரண்டே கதவுகள் கொண்ட, தாழ்வான, சின்ன ஸ்போர்ட்ஸ் கூபே. எஞ்சின் முன்னால், இழுவை பின்சக்கரத்தில். 2012-ல் விற்பனைக்கு வந்தது. இதன் இரட்டைப் பிறவி சுபாரு பி.ஆர்.இசட். பேட்ஜும் சில மாற்றங்களும்தான் வேறு. இரண்டும் பிறப்பது ஜப்பானில் குன்மா மாகாணத்து ஓட்டா நகரிலுள்ள சுபாரு ஆலையில். 2021-ல் இரண்டாம் தலைமுறை வந்தது. டொயோட்டா அதற்கு ஜி.ஆர்.86 என்று பெயர் வைத்தது. இந்தப் பத்துப் பன்னிரண்டு வருடமாக உலகத்துக் கார் பிரியர்கள் இந்த ஒரு சின்ன வண்டியை வைத்துப் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. அந்தச் சண்டை நம் மெஸ் வரைக்கும் வந்துவிட்டது!

"அது ஸ்போர்ட்ஸ் காரே இல்லடா" என்றார் அண்ணன். "வெறும் இருநூறு ஹெச்.பி.! இன்னிக்குப் பொண்ணு பார்க்கப் போற எஸ்.யு.வி.யிலயே இருநூறு வந்திருச்சு."

"ஹெச்.பி. மட்டும் பார்த்தா எப்படிண்ணா..." என்று இழுத்தேன்.

"நீ கார் ஓட்டியிருக்கியா? உங்க வீட்ல கார் இருக்கா?"

மெஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்து வைத்தேன். எங்கள் வீட்டில் கார் இல்லை. அப்பா முட்டை வண்டி டிரைவர். நாமக்கல் பக்கத்துக் கோழிப்பண்ணைகளில் லோடு ஏற்றி ஊர் ஊராய் இறக்குகிறவர். அம்மா பண்ணையில் முட்டை பொறுக்கப் போகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அண்ணன் வீட்டில் மூன்று கார் நிற்கிறது. அவர் கேட்டதில் என்ன தப்பு, ஓட்டாதவனுக்கு என்ன கருத்து என்றுதான் அன்றிரவு எனக்கே தோன்றியது. தூக்கம் வரவில்லை. எழுந்து லைட்டைப் போட்டேன். கால்குலேட்டரை எடுத்தேன்.

முதல் தலைமுறை 86-ன் எஞ்சினில் நாலு சிலிண்டர். சிலிண்டரின் விட்டம் 86 மில்லிமீட்டர். பிஸ்டன் போய் வரும் தூரமும் அதே 86 மில்லிமீட்டர். (பெயருக்குப் பொருத்தமாய் அமைந்துவிட்ட எண்!) நாம் முதல் வருடம் படித்த அதே சூத்திரம்தான்: பையை நாலால் வகுத்து, விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஸ்ட்ரோக்கால் பெருக்கி, நாலு சிலிண்டருக்கு நாலால் பெருக்கு. விடை 1998.2 கன சென்டிமீட்டர். கம்பெனி சொல்லும் அளவு 1998. எனக்குப் புல்லரித்துவிட்டது தோழர்களே! காருக்குள் உட்காராவிட்டால் என்ன, அதன் சிலிண்டருக்குள் போய் அளந்துவிட்டு வந்துவிட்டேனே!

அதற்குப் பிறகு இரண்டு மாதம் வெறி பிடித்தாற்போல் தேடினேன். பஸ் ஸ்டாண்டு அருகே பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்த ஆங்கில கார் பத்திரிகைகளைப் பொறுக்கினேன். டிக்ஷனரி வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும். போனில் ஓட்டிப் பார்த்தவர்களின் படங்களை ஹெட்போன் மாட்டிக்கொண்டு பார்த்தேன். அப்படிச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கதை 1983-ல் தொடங்குகிறது. அந்த ஆண்டு வந்த கொரோலா குடும்பத்தில் பெரும்பாலான வண்டிகள் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டன. இடம் மிச்சம், செலவு மிச்சம். ஆனால் லெவின், ட்ரூனோ என்ற இரண்டு கூபேக்களை மட்டும் பழைய பின்சக்கர இழுவையிலேயே விட்டு வைத்தார்கள். கம்பெனிக்குள் அதன் அடையாள எண் ஏ.ஈ.86. எஞ்சின் 1.6 லிட்டர்தான். எடை ஆயிரம் கிலோவுக்கும் குறைவு. பெரிய பணக்காரர்கள் வாங்கியதல்ல, சம்பளக்கார இளைஞர்கள் வாங்கிய வண்டி. கெயிச்சி சுச்சியா என்ற பந்தய வீரர் மலைப்பாதை வளைவுகளில் இதன் வாலைச் சறுக்கவிட்டே ஓட்டி, 'டிரிஃப்ட் ராஜா' என்று பெயர் வாங்கினார்.

பிறகு 1995-ல் ஷுயிச்சி ஷிகெனோ என்பவர் 'இனிஷியல் டி' என்ற படக்கதையை ஒரு வார இதழில் வரைய ஆரம்பித்தார். 2013 வரை ஓடியது. கதை நடப்பதும் குன்மா மலைகளில்தான். டோஃபுக் கடைக்காரர் ஒருவரின் மகன், விடியற்காலையில் பழைய ஏ.ஈ.86-ல் மலை மேலிருக்கும் விடுதிக்கு டோஃபு கொண்டு போய்ப் போடுகிறான். டோஃபு என்பது சோயாப் பாலில் செய்த பன்னீர் மாதிரி, குலுங்கினால் உடைந்துவிடும். அதனால் அப்பா ஒரு தம்ளரில் தண்ணீர் நிரப்பி வண்டியில் வைத்து விடுகிறார். தண்ணீர் சிந்தாமல் ஓட்ட வேண்டும். அப்படி ஓட்டி ஓட்டியே பையன் பெரிய பெரிய வண்டிக்காரர்களையெல்லாம் இறக்கத்தில் ஜெயிக்கிறான்.

இதைப் பொங்கல் லீவில் அப்பாவிடம் சொன்னேன். பாதி கேட்கும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார். "தண்ணி சிந்துனா தொடச்சிக்கலாங் கண்ணு. முட்டை ஒடஞ்சா?" என்றார். உடைந்த முட்டைக்கு அவர் கூலியில் பிடிப்பார்கள். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை, வண்டி நிறைய அட்டை. இருபத்திரண்டு வருடமாய் ஓட்டுகிறார்.

ஜப்பானில் அந்தப் படக்கதைக்குப் பிறகு பழைய ஏ.ஈ.86-ன் விலை ஏறிக்கொண்டே போனது. இளைஞர்களுக்கோ கையில் எட்டுகிற விலையில் புதிய பின்சக்கர வண்டி இல்லை. அப்போதுதான் டெட்சுயா தாடா என்ற தலைமைப் பொறியாளரிடம் இந்த வேலை வந்தது. 2009 டோக்கியோ மோட்டார் ஷோவில் மாதிரி வண்டியைக் காட்டினார்கள். தாடாவின் குழு எதைச் சேர்ப்பது என்பதைவிட எதை விடுவது என்றுதான் முதலில் முடிவு செய்தது. டர்போ வேண்டாம். நாலு சக்கர இழுவை வேண்டாம். அதிகப் பிடிப்புள்ள அகல டயர் வேண்டாம். கவனியுங்கள் தோழர்களே! மற்ற கம்பெனிகள் விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போடும் மூன்றையும் இவர்கள் கழித்துக் கட்டிவிட்டார்கள்.

மிச்சம் என்ன? சுபாருவின் படுத்த எஞ்சின். நாம் லேபில் பிரித்துப் போட்ட எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் ஓடும். இதிலோ இடமும் வலமுமாகப் படுக்கை வாட்டில் ஓடும். எஞ்சின் உயரம் குறைவதால் அதைத் தரையோடு தரையாக இறக்கி வைக்கலாம். மொத்த வண்டியின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 46 சென்டிமீட்டர்தான். முழங்கால் உயரம்! எடை முன்னால் 53, பின்னால் 47 என்ற விகிதம். மொத்தமே சுமார் 1200 கிலோ. 7000 சுற்றில் 200 குதிரைத்திறன். அமெரிக்காவில் விலை சுமார் 25,000 டாலர். அங்கே அதெல்லாம் நடுத்தரக் குடும்பத்து வண்டி விலைதான்.

வண்டி வந்தது. சண்டையும் வந்தது.

ஓட்டிப் பார்த்த பத்திரிகைக்காரர்களில் பெரும்பாலானோர் ஸ்டீயரிங்கைக் கொண்டாடினார்கள். வளைவில் திருப்பியவுடன் மூக்கு திரும்புகிறது, வண்டி நம் இடுப்போடு சேர்ந்து சுழல்கிறது என்று எழுதினார்கள். வாங்கலாமா என்று யோசித்தவர்களில் பெரும் கூட்டமோ அண்ணன் கேட்டதையே கேட்டது: டர்போ எங்கே? நூறு கிலோமீட்டர் வேகம் எட்ட ஏழரை வினாடி ஆகிறதே, இதே காசுக்கு இதைவிட வேகமான வண்டி கிடைக்கிறதே? இன்னொரு கூட்டம் டயரைக் கிண்டல் செய்தது. முக்கிய ரகங்களில் போட்டிருந்தது மிஷ்லின் பிரைமசி, 215 மில்லிமீட்டர் அகலம். அதே ரக டயர் சில பிரியஸ் கார்களிலும் உண்டு. பிரியஸ் என்பது பெட்ரோல் மிச்சம் பிடிக்கும் சாதுவான குடும்ப வண்டி. அதன் செருப்பை ஸ்போர்ட்ஸ் காருக்கு மாட்டிவிட்டார்களே என்று சிரித்தார்கள். பின் சீட்டில் குழந்தைகூட உட்கார முடியாது, டாஷ்போர்டு மட்ட ரகம் என்ற புகார்கள் வேறு. (பின் சீட்டை மடக்கினால் நாலு டயர் வைக்கலாம் என்பதுதான் கம்பெனியின் கணக்கு. பந்தய மைதானத்துக்குப் போகிறவனுக்கு மாமியாரைவிட மாற்று டயர் முக்கியம்போலும்!)

டயர் விஷயத்தில் என் கருத்து வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

50 மீட்டர் ஆரமுள்ள ஒரு வளைவை எடுத்துக்கொள்வோம். டயருக்கும் ரோட்டுக்கும் உராய்வுக் குணகம் 0.85 என்றால், வண்டி சறுக்காமல் போகக்கூடிய உச்ச வேகம் மணிக்குச் சுமார் 73 கிலோமீட்டர். பிடிப்பான டயர் மாட்டிக் குணகத்தை 1 ஆக்கினால் சுமார் 80. ஏழு கிலோமீட்டர் லாபம். அந்த ஏழுக்கு என்ன விலை? முதலாவது, தப்பு செய்தால் எண்பதில் செய்வோம். இரண்டாவது, அகலமான பிடிப்பு டயர்கள் கடைசி வரை கெட்டியாகப் பிடித்திருந்து, விடும்போது பட்டென்று விட்டுவிடும் சுபாவம் உள்ளவை. அடக்கமான டயரோ முன்கூட்டியே முனகும், கொஞ்சம் நழுவும், 'டேய் பார்த்துக்கோ' என்று சொல்லும். ஓட்டுகிறவன் தன் தவறைத் தெரிந்துகொள்ளவும் திருத்திக்கொள்ளவும் நேரம் கிடைக்கும். தாடா குழு டயரைக் கஞ்சத்தனத்தால் போடவில்லை. கற்றுக்கொள்கிறவனை மனதில் வைத்துப் போட்டிருக்கிறது என்பதே என் சிற்றறிவுக்கு எட்டியது.

இதைப் புத்தகத்திலிருந்து நான் தெரிந்துகொண்டேன் என்று சொன்னால் பொய். அப்பாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது அவர் கணக்கைப் பார்க்கவில்லை. அவர் படித்தது அஞ்சாம் வகுப்பு. "அது முன்னாடி இழுக்கற வண்டியா, பொறத்தால தள்ளற வண்டியா?" என்று கேட்டார்.

"பொறத்தால தள்றதுங்கப்பா."

"அப்ப நம்ம வண்டி சாதிதான். மழையில கொல்லிமலை எறங்கறப்ப, வளைவுல ஆக்சிலேட்டர மிதிச்சா வாலு வெளிய போகும். அப்ப பயந்துட்டு பிரேக்க மிதிச்சீன்னா தீந்துச்சு. போற பக்கமே ஸ்டீரிங்க ஒடிச்சு, கால மெதுவா எடுக்கோணும். லோடு இருந்தா அது மொதல்லயே சொல்லும். இடுப்புல தெரியும்."

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். அங்கே இடுப்பால் கற்றதைத்தான் ஆங்கிலப் பத்திரிகைக்காரர்கள் 'ஓவர்ஸ்டியர்' என்றும் 'கவுண்டர் ஸ்டியர்' என்றும் பக்கம் பக்கமாய் எழுதுகிறார்கள். நான் டிக்ஷனரி வைத்து மூன்று நாள் மல்லுக்கட்டிய பாராவை அப்பா டீ ஆறுவதற்குள் சொல்லி முடித்துவிட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. இத்தனை நாள் அவரிடம் நான் வண்டியைப் பற்றி எதுவுமே கேட்டதில்லை.

சரி, அப்படியானால் குறை சொன்னவர்கள் எல்லோரும் முட்டாள்களா? இல்லை. அங்கேதான் நானும் ஒரு படி இறங்கி வரவேண்டியிருக்கிறது.

வாங்கி ஓட்டியவர்கள் சொன்ன புகார் ஒன்று உண்டு. அது ஹெச்.பி. போதவில்லை என்ற பொதுப் புலம்பல் அல்ல. ரொம்பத் துல்லியமான புகார். எஞ்சின் சுமார் 3500 சுற்றிலிருந்து 4500 சுற்று வரை போகும்போது டார்க் ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது. வரைபடத்தில் நடுவில் ஒரு பள்ளம். மேலே ஏழாயிரம் வரை விரட்டினால் எஞ்சின் பாடும். ஆனால் தினசரி ரோட்டில், ஒரு லாரியைத் தாண்ட மிதிக்கும்போது நாம் இருப்பது அந்தப் பள்ளத்தில்தான். மிதிக்கிறோம், வண்டி யோசிக்கிறது. சைக்கிளில் செயின் ஒரு பல் நழுவினாற்போல் இருக்கும் என்று நினைக்கிறேன். ரசிகர்கள் சும்மா திட்டிக்கொண்டும் இருக்கவில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மாற்றி, இ.சி.யு.வைத் திருத்தி, டைனமோமீட்டரில் ஏற்றி, பள்ளத்தை நிரப்பிக் காட்டினார்கள். இது வெறும் கருத்து அல்ல, பரிசோதனை! இப்படிச் சொல்கிற ரசிகனை எந்தப் பொறியாளரும் அலட்சியம் செய்ய முடியாது.

கம்பெனி என்ன செய்தது? 2016-ல் வண்டியைக் கொஞ்சம் திருத்தினார்கள். அமெரிக்காவில் மேனுவல் கியர் ரகத்துக்கு ஐந்தே ஐந்து ஹெச்.பி. கூடி 205 ஆனது. பின் ஆக்சிலில் பல் விகிதத்தை 4.1-லிருந்து 4.3 ஆக்கினார்கள். இருநூறுக்கு மேல் ஐந்தா என்று மறுபடி கேலி. ஆனால் பல் விகிதம் மாறினால் அதே டார்க் சக்கரத்துக்குச் சுமார் ஐந்து சதவீதம் பெருகிப் போகும் என்பதை டிரான்ஸ்மிஷன் பாடம் படிக்கும் நமக்குத் தெரியாதா? கேலி செய்தவர்களில் எத்தனை பேர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்களோ!

2021-ல் வந்த ஜி.ஆர்.86-தான் உண்மையான பதில். டர்போ கேட்டார்களே, கொடுத்தார்களா? இல்லை! ஸ்ட்ரோக்கைத் தொடவில்லை, அதே 86. விட்டத்தை மட்டும் 86-லிருந்து 94 மில்லிமீட்டர் ஆக்கினார்கள். மறுபடி கால்குலேட்டர்: 2387 கன சென்டிமீட்டர். கம்பெனிக் கணக்கும் அதுவே. ஜப்பானியக் கணக்கில் குதிரைத்திறன் 235 ஆனது. ஆனால் நான் பார்க்கச் சொல்வது அந்த எண்ணை அல்ல. பழைய எஞ்சின் தன் உச்ச டார்க்கான 205 நியூட்டன் மீட்டரை 6400 சுற்றுக்கு மேல்தான் கொடுத்தது. புதியது 250 நியூட்டன் மீட்டரை 3700 சுற்றிலேயே கொடுக்கிறது. 3700! எங்கே பள்ளம் இருந்ததோ அதே இடத்தில் மேட்டைக் கொண்டு வந்து வைத்துவிட்டார்கள். நூறு கிலோமீட்டர் வேகம் எட்ட இப்போது 6.3 வினாடி. எடையோ சில பத்துக் கிலோக்கள்தான் கூடியது.

முந்நூறு ஹெச்.பி. கேட்டவர்களை விட்டுவிட்டு, பள்ளத்தைச் சுட்டிக்காட்டியவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் இந்தக் காரில் மிகவும் பிடித்த விஷயம். ரசிகன் சத்தம் போடுவதில் நோய் எது, வெறும் ஆசை எது என்று பிரித்துப் பார்ப்பதும் டிசைன் வேலைதான்.

டயரிலும் ஒரு சமாதானம் நடந்தது. உயர் ரகங்களில் 18 அங்குல மிஷ்லின் பைலட் ஸ்போர்ட் 4 போட்டார்கள். பிடிப்பு கூடுதல். ஆனால் அகலம் அதே 215. இதற்கும் சிலர் 'பழைய விளையாட்டுத்தனம் போச்சு' என்று கண்ணீர் விட்டார்கள். இல்லாதபோது கேட்பதும், கொடுத்தபின் பழசைத் தேடுவதும் ரசிகர் குலத்தின் பிறவிக் குணம். நம் ஊர் சினிமா ரசிகர்களைப் பார்த்தாலே தெரியும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு, மெக்கானிக் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் நான் ஆட்டோமொபைல் மாணவனே அல்ல. ரசிகர்கள் அதிகம் பேசாத பக்கம் இது. நாளைக்கு நம்மில் பலர் நிற்கப் போவதோ அங்கேதான், ஓட்டுகிற சீட்டில் அல்ல.

2018-ல் முதல் தலைமுறை வண்டிகளில் ஒரு பகுதியைக் கம்பெனி திரும்ப அழைத்தது. வால்வ் ஸ்பிரிங் முறியக்கூடும் என்று கண்டுபிடித்து, மாற்றித் தர வேண்டியிருந்தது. நிமிர்ந்து நிற்கும் எஞ்சினில் இது எங்கே இருக்கும்? மேலே, பானெட்டைத் திறந்து டேப்பெட் கவரைக் கழற்றினால் கண்ணுக்கு நேரே. படுத்த எஞ்சினில் சிலிண்டர் ஹெட் இரண்டும் இரு பக்கமும் சேசிஸ் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. கையை நுழைக்க இடமில்லை. ஆக, விரல் அளவு ஸ்பிரிங்கை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும்! இறக்கி, பிரித்து, சீலன்ட் தடவி, மூடி, மறுபடி ஏற்ற வேண்டும். ஈர்ப்பு மையம் 46 சென்டிமீட்டர் என்று ஓட்டுகிறவன் கைதட்டுகிறானே, அந்தக் கைதட்டலுக்கு முதுகு வலிப்பது வொர்க்ஷாப்பில் குனிந்து நிற்பவனுக்கு. ஸ்பார்க் பிளக் மாற்றுவதே ஒரு சர்க்கஸ் என்று எழுதியிருக்கிறார்கள். இதற்காக அந்த எஞ்சின் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கார் பத்திரிகைகள் கொடுக்கும் நட்சத்திரங்களில் மெக்கானிக்குக்கு என்று ஒரு நட்சத்திரமாவது ஒதுக்கியிருந்தால், 86-க்கு அது கிடைத்திருக்காது.

இன்னொரு வருத்தமான செய்தியும் உண்டு. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து புதிய கார்களுக்கான பாதுகாப்பு விதிகள் இறுகின. அவசர பிரேக், ஓட்டுநரின் கவனத்தைக் கண்காணிக்கும் கருவி என்று பல கட்டாயமாயின. அதற்கேற்ப இந்தச் சின்ன காரை மாற்றுவது கட்டுப்படியாகாது என்று ஜி.ஆர்.86-ஐ அங்கே சுமார் இரண்டே வருடம் விற்று நிறுத்திவிட்டார்கள். ஹெச்.பி. போதாது என்று ஒதுங்கியவர்களில் சிலர் கடைசி நேரத்தில் தேடி ஓடியதாகவும் படித்தேன். இதில் யார் மேலும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்பா ரோட்டில் இருக்கும் இரவுகளில் தூங்காமல் இருந்த அம்மாவைப் பார்த்து வளர்ந்தவன் நான். பாதுகாப்பு விதியைக் கேலி பேச என்னால் முடியாது. கார் பிரியர்கள் இதைப் படித்தால் என்னைத் திட்டலாம். திட்டட்டும்.

சீனியர் அண்ணனுக்கு வருகிறேன். போன மாதம் இந்தக் கணக்குகளையெல்லாம் ஒரு கிராஃப் பேப்பரில் போட்டு, இரண்டு எஞ்சின்களின் உச்ச டார்க் எந்தெந்தச் சுற்றில் வருகிறது என்று சிவப்பு, நீலப் பேனாவில் குறித்து, மெஸ்ஸில் அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கை நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே பார்த்தார். பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இந்த 2387 எப்படி வந்துச்சு?" என்றார். சொன்னேன். இடது கையாலேயே பேனாவை வாங்கி, ஒரு தடவை தானும் போட்டுப் பார்த்தார்.

"கணக்கு கரெக்ட்தான்" என்றார். "ஆனா எனக்கு முந்நூறு வேணும்."

"முந்நூறு போட்டா டயர் என்ன போடுவீங்கண்ணா? பிரேக்கு? எடை எங்க போய் நிக்கும்?"

அவர் பதில் சொல்லவில்லை. கிராஃப் பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அதே பேப்பரின் பின்பக்கத்தில், முந்நூறு ஹெச்.பி. எஞ்சினுக்கு எத்தனை மில்லிமீட்டர் டயர், எத்தனை கிலோ கூடும் என்று ஒரு கணக்கு எழுதித் திருப்பிக் கொடுத்தார். அதில் இரண்டு தப்பு இருக்கிறது. செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் அவருடன் உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறேன்.